அம்பாசடர் வலது பின்பக்கம் சாய்கிறது, தட்டுகிறது: பிளேட்டா, புஷ்ஷா, ஷாக் அப்சார்பரா?

கேள்வி – கண்டனூர்
1996 மாடல் டீசல் அம்பாசடர். வலது பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது. வேகத்தடை இறங்கும்போது பின்னால் ‘டக்’ என்று ஒரு தட்டு. வேகம் 60ஐத் தாண்டினால் வண்டி இடதுபக்கம் இழுக்கிறது. டிக்கியில் ஆத்தங்குடிக் கல் ஏற்றியதிலிருந்து எல்லாமே கூடிவிட்டது. பட்டறையில் ஸ்பிரிங் பிளேட்டைக் காய்ச்சி வளைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா? ஷாக் அப்சார்பரும் மாற்றணுமா?

பதில் – காரைக்குடி
அண்ணே, காய்ச்ச மட்டும் விடாதீங்க. அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தட்டினால் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும். கொஞ்ச நாள் நிமிர்ந்து நிற்கும், லோடு ஏற்றினால் மறுபடி படுக்கும், இல்லையென்றால் சூடு பட்ட இடத்திலேயே முறியும்.

ஷாக் அப்சார்பர் பாரம் தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. அதனால் சாய்வுக்கு அது காரணமில்லை. டிக்கியை அழுத்தி விடுங்க. ஒருமுறை எழும்பி நின்றால் சரி. தொடர்ந்து ஆடினாலோ, கசிந்த எண்ணெயில் செம்மண் அப்பியிருந்தாலோ இரண்டு பக்கமும் மாற்றுங்க.

எதையும் வாங்குமுன் அளந்து பாருங்க. சிமென்ட் தரை, காலி டிக்கி, இரு டயரிலும் ஒரே காற்று. சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை ஓர் அளவு. பிறகு கொத்தனார் தூக்குக்குண்டை ஸ்பிரிங்கின் முன் கண் (முனையில் சுருட்டிய வளையம்) போல்ட்டிலிருந்தும் சக்கர நடுவிலிருந்தும் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்க. இரு குறிக்கும் நடுவே உள்ள தூரம் வலமும் இடமும் ஒன்றாக வரணும்.

பதில் – தேவகோட்டை
தட்டும் சத்தத்துக்கு ஷாக்கிளையும், அதாவது ஸ்பிரிங்கின் பின் முனையைப் பாடியோடு இணைக்கும் ஆடும் இணைப்பையும், பாருங்க. பாரை கொடுத்து நெம்பினால் போல்ட் ஓட்டைக்குள் ஆடக் கூடாது. ஓட்டைக்குள் இருக்கும் புஷ்ஷின் ரப்பர் பிதுங்கி ஒருபக்கம் தேய்ந்திருந்தால் இருபக்கமும் புது புஷ். போடும்போது சோப்புத் தண்ணீர்தான், கிரீஸ் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும்.

கேட்டவர்
உயரம் வலதில் 22 மி.மீ. குறைவு. தூக்குக்குண்டு அளவில் வலது சக்கரம் 12 மி.மீ. பின்னால் போயிருக்கிறது.

பதில் – காரைக்குடி
அப்போது இழுப்புக்குக் காரணம், பிளேட்டுகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட். அநேகமாக அறுந்திருக்கும். வலது சக்கரம் பின்னால் போனால் பின் ஆக்சிலே வலப்பக்கம் பார்த்து உருளும், மூக்கு இடப்பக்கம் திரும்பும். பிளேட்டுகளை அழுத்திப் பிடித்து ஆக்சிலை நகராமல் வைப்பது யூ போல்ட்டுகள்தான், சென்டர் போல்ட் இடம் காட்ட மட்டும். யூ போல்ட் தளர்ந்து, பாரமெல்லாம் அந்தச் சின்ன போல்ட்டின் மேல் விழுந்தால் அறுந்துவிடும். வெறும் சென்டர் போல்ட் போட்டு அனுப்பினால் இது திரும்பவும் வரும்.

வலது பிளேட் கட்டு படுத்தும் விட்டது. இரண்டு பக்கமும் புதுக் கட்டு, புது யூ போல்ட் நட்டோடு, புஷ், பம்ப் ரப்பர் வாங்குங்க. ஒருபக்கம் மட்டும் மாற்றினால் அடுத்த பக்கம் சாயும். கூடுதலாக ஒரு பிளேட் செருகச் சொல்வார்கள், காலி வண்டி கட்டைபோல் குதிக்கும்.

முதல் நாளே நட்டுகளில் துருவை இளக்கும் எண்ணெய் விடுங்க. முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டைப் பாடியின் கெட்டியான இடத்தில் வைங்க. ஆக்சிலுக்குத் தனி ஜாக்கி. அதை இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஒரு கண் இருக்கட்டும். போல்ட் இறுகியிருந்தால் கேஸ் கட்டர் வேண்டவே வேண்டாம். டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது.

சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேடைக் குழிக்குள் உட்கார்ந்தபின் யூ போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சங் கொஞ்சமாக முறுக்குங்க. கண் போல்ட், ஷாக்கிள் நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி, வண்டி தன் காலில் நின்றபிறகு இறுக்குங்க. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். 200 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்க, பிளேட்டுகள் படிந்து தளர்ந்திருக்கும்.