இலோங்கோக்காரர்களுக்குக் கோபமே வராதா?

இயந்திர அறை:
பிலிப்பைன்ஸில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. இலோங்கோக்காரன் சண்டை போடுகிறானா, காதலைச் சொல்கிறானா என்று பக்கத்தில் நிற்பவனுக்கே தெரியாதாம். இலோய்லோ, கிமராஸ், நெக்ரோஸ் தீவின் மேற்குப் பாதி ஆகிய இடங்களில் ஹிலிகய்னோன் மொழி பேசுகிறவர்களைத்தான் இலோங்கோ என்கிறார்கள். வாக்கியத்தின் கடைசியை இழுத்து, ஏற்றி, மெதுவாக இறக்கி வைப்பார்கள். இதைக் கேட்ட மற்ற பிலிப்பினோக்கள் ‘இவர்களுக்குக் கோபமே வராது’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இந்தக் குழுவிலும் ஒரு நண்பர் அதையே எழுதியிருந்தார். நான் மறுக்கிறேன்.

நான் கப்பலில் வேலை பார்க்கிறவன். பிலிப்பினோ மாலுமிகளில் இலோங்கோக்காரர்கள் நிறையப் பேர். ஒருநாள் இரவுப் பணியில் எண்ணெய்க் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டது. சூடான எண்ணெய் முழங்கைவரை வழிய, இயந்திரங்களுக்கு எண்ணெயிடும் எங்கள் ஆயிலர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஸ்பானரைத் திருகினார்: ‘லிந்தி, லிந்தி.’ மின்னல், இடி என்று பொருள். ‘உன் தலையில் இடி விழ’ என்று நம் பாட்டிமார் மண்ணை வாரித் தூற்றுவார்களே, அந்த வகைச் சாபம்தான். வந்ததோ தாலாட்டு ராகத்தில்! பக்கத்தில் நின்ற மூன்றாம் பொறியாளர், ‘இந்த நேரத்தில் இவனுக்கு என்ன பாட்டு?’ என்று என்னிடம் கேட்டார். ராகம் வேறு, குணம் வேறு.

வெள்ளைக் கோட்டு:
அண்ணா, கையில் கொதிக்கும் எண்ணெய் வழியும்போது யார்தான் மகானாக இருப்பார்கள்? அதை வைத்து ஒரு ஊரையே எடை போடலாமா? நான் இலோய்லோ நகரில் மருத்துவம் படிக்கிறேன். பெயர் தெரியாத பையனை இங்கே ‘தோதோ’ என்றும் பெண்ணை ‘இன்டாய்’ என்றும் அழைக்கிறார்கள். என்னை மருந்துக்கடைக்காரர் முதல் ஜீப்னி ஓட்டுநர் வரை எல்லோரும் ‘இன்டாய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிளம்பும்போது ‘ஹாலோங்’, அதாவது பத்திரமாகப் போய் வா என்பார்கள். யாராவது வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், தெருவில் போகிறவரைப் பார்த்து ‘காஓன் தா!’ என்று சாப்பிடக் கூப்பிடாமல் விடமாட்டார்கள். இத்தனை பேரும் நடிக்கிறார்களா?

பொடிமட்டை:
தங்கச்சி, ‘சாப்பிட வா’ என்றதும் போய் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். அது முறைக்குச் சொல்வது. ‘இப்போதுதான் சாப்பிட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே நடையைக் கட்டுவது உங்கள் பங்கு. ‘எங்கே போகிறாய்?’ என்பார்கள், ‘இதோ, இங்கேதான்’ என்றால் போதும். கேட்டவருக்கும் அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை. இதையெல்லாம் அன்பின் கணக்கில் எழுதிவிட்டால், வணக்கம் சொன்னவன் எல்லாம் மாமன் மச்சான் ஆகிவிடுவான்.

வெள்ளைக் கோட்டு:
நான் போய் உட்கார்ந்தேனே! வாடகை வீட்டுக்கு எதிர்வீட்டுப் பாட்டி கூப்பிட்டார். எனக்கு அந்த முறை எல்லாம் தெரியாது, நல்ல பசி வேறு. பாட்டியின் புருவம் ஒரு நொடி மேலே போனது உண்மைதான். ஆனால் உடனே நகர்ந்து இடம் விட்டு, மருமகளிடம் தட்டு கொண்டுவரச் சொன்னார். சட்டியில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். கட்யோஸ் என்று அவர்கள் சொல்வது நம் துவரை. பருப்பாக உடைக்காமல், கருத்த தோலோடு முழுதாக வேகவைத்திருந்தார்கள். சாறு இலேசான ஊதாவாக மாறியிருந்தது. அதில் கோழியும், பொடியாக நறுக்கிய வாழைத்தண்டும். புளிப்புக்குப் பட்வான் என்ற பச்சைக் காய். நம் குடம்புளிக்குத் தாயாதி. கோழிக்குப் பதில் பன்றிக்கறியும் பலாப்பிஞ்சும் போட்டுச் செய்வதுதான் இங்கே இன்னும் பிரபலமாம். நான் இரண்டாம் முறை சோறு கேட்டதும் பாட்டி, ‘நமித் கிட்?’ என்றார். ருசி பிரமாதமா என்று கேள்வி. முறைக்குக் கூப்பிட்டவர் இரண்டாம் முறை சோறு போடுவாரா?

பொடிமட்டை:
வாழைத்தண்டைக் காட்டி வாயை அடைத்துவிட்டீர்கள். புருவம் மேலே போனதை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

தோஹா வார்டு:
நான் செவிலி. என் அறைத்தோழி நெக்ரோஸ் தீவின் பகோலோட் நகரத்துக்காரி. மேலே ‘இன்டாய்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. அவள் ஊரில் அது மகளையும் தங்கையையும் கொஞ்சிக் கூப்பிடுகிற சொல். மணிலாவிலோ, வேலைக்காரிக்குப் பெயரே அதுதான் என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். சினிமாவில் வேலைக்காரி வந்தால் நடுத்தீவுகளான விசாயப் பகுதியின் உச்சரிப்பில் பேச வைத்துச் சிரிக்கிறார்கள். ‘கோபமே வராதவர்கள்’ என்ற புகழ்ச்சியும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. வேலைக்காரிக்குக் கோபம் வராது என்று நம்புவது யாருக்கு வசதி? சம்பளம் கொடுக்கிறவருக்கு.

கொஞ்சம் பின்னாலும் போய்ப் பாருங்கள். 1855இல் இலோய்லோ துறைமுகம் உலக வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் துணைத் தூதராக வந்த நிக்கோலஸ் லோனி சர்க்கரைத் தொழிலைத் தூக்கி நிறுத்தினார். இலோய்லோவின் பணக்காரக் குடும்பங்கள் கடலைத் தாண்டி நெக்ரோஸில் ஆசியேண்டா என்கிற பெருங்கரும்புத் தோட்டங்களைப் போட்டன. கரும்பு வெட்டப் பருவத்துக்குப் பருவம் சகாடாக்கள் என்ற கூலிகள் வந்தார்கள். முதலாளியிடம் குரலை உயர்த்தினால் அடுத்த பருவம் வேலை கிடையாது. அந்த மண்ணில் பேச்சு மென்மையாக இருந்ததற்கு அன்பு மட்டுமா காரணம்?

இயந்திர அறை:
சகோதரி, முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. பயத்தால் வந்த மென்மை என்றால் முதலாளிகள் அதட்டிப் பேச வேண்டுமே? தோட்ட முதலாளி வீட்டிலும் அதே இழுப்புதானே! தொழிலாளியும் முதலாளியும் ஒரே ராகத்தில்தான் பேசுகிறார்கள். அது மொழியின் ஓசை. அதில் வர்க்கத்தைத் தேடுவது வீண்.

தோஹா வார்டு:
ராகம் ஒன்றாக இருக்கலாம். அதில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது ஒன்றா? உங்கள் ஆயிலர் ‘லிந்தி’ என்று குழாயைத் திட்டினார். தலைமைப் பொறியாளரை அவர் முகத்துக்கு நேரே திட்டியிருப்பாரா?

வெள்ளைக் கோட்டு:
அக்கா, பகோலோட்டின் மஸ்கரா விழாவை என்ன சொல்வீர்கள்? 1980இல் சர்க்கரைத் தொழில் நெருக்கடியில் சிக்கி ஊரே தவித்தது. அந்த ஏப்ரலில் மணிலாவிலிருந்து பகோலோட்டுக்கு வந்துகொண்டிருந்த டான் ஹுவான் கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதி மூழ்கி, நூற்றுக்கணக்கானோர் போய்விட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சிரிக்கும் முகமூடி போட்டுக்கொண்டு தெருவில் ஆடினார்கள். எந்த முதலாளிக்குப் பயந்து ஆடினார்கள்?

பொடிமட்டை:
முகமூடி போட்டுத்தானே சிரித்தார்கள்! என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. (அடிக்க வராதீர்கள். அந்த விழாவின் மேல் எனக்கு மரியாதை உண்டு.)

இயந்திர அறை:
வரலாறு ஒரு பக்கம் இருக்கட்டும். இலோங்கோக்காரர் கோபத்தைப் பார்க்க நேர்வழி சொல்கிறேன். இலோய்லோ நகரின் லா பாஸ் சந்தைப் பக்கம் போய், பாட்சோய் என்ற நூடுல்ஸ் சூப்பை முதலில் செய்தது யார் என்று கேளுங்கள். மிக்கி என்ற முட்டை நூடுல்ஸ், பன்றி ஈரல், குடல், எலும்பு மஜ்ஜை, மேலே பொரித்து நொறுக்கிய பன்றித்தோல், வறுத்த பூண்டு. சாற்றில் இறால் விழுதின் வாடை. டெக்கோஸ் கடை 1938இல் தொடங்கியது என்பார்கள். டெட்ஸ் 1945. நெத்தோங்ஸ் 1948. மூன்றுக்கும் தனித்தனிப் பக்தர் கூட்டம். எங்கள் கப்பலில் இரண்டு இலோய்லோக்காரர்கள் இதை வைத்துச் சாப்பாட்டு மேசையில் பேச்சு வார்த்தையே நிறுத்திக்கொண்டார்கள். நடுவில் சமையற்காரர், அவர் வேறு மொழி பேசும் செபு தீவுக்காரர், இஞ்சி போட்டு எதையோ கொதிக்கவைத்து ‘பாட்சோய் தயார்’ என்றார். இருவரும் உடனே ஒன்று சேர்ந்துவிட்டார்கள், அவரை எதிர்த்து. அந்தச் சமையற்காரரோடு ஏற்கெனவே ஒரு வழக்கு உண்டு. ‘சாப்பாடு எப்போது?’ என்றால் ‘கரோன்’ என்பார். செபு மொழியில் ‘இப்போதே’. இலோங்கோ காதில் ‘அப்புறம்’. இவர்கள் போய்ப் படுத்துவிடுவார்கள், அவர் ஆறிப்போகிறதே என்று கத்துவார்.

வெள்ளைக் கோட்டு:
நானும் லா பாஸில் கேட்டேன். பரிமாறியவர் தோளைக் குலுக்கி, ‘அம்போட்’ என்றார். ‘யாருக்குத் தெரியும்’ என்று அர்த்தம். அவ்வளவுதான்! கோபம் எங்கே? முதலில் சாற்றைக் குடித்துவிட்டு, நூடுல்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னும் சாறு கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். 2023இல் யுனெஸ்கோ இலோய்லோவை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. உணவுக்காக அந்தப் பெயர் பெற்றதில் பிலிப்பைன்ஸில் அதுதான் முதல். அந்தப் பெருமையைக்கூட மெதுவாகத்தான் சொல்கிறார்கள்.

பொடிமட்டை:
மெதுவாகச் சொல்கிறார்கள், சரி. சொல்லாமல் விடுகிறார்களா? இன்னொன்று. பான்சிட் என்றால் நாடு முழுவதும் நூடுல்ஸ். இலோய்லோ நகரின் மோலோ பகுதிப் பான்சிட்டில் நூடுல்ஸே கிடையாது. சாற்றில் மிதக்கும் இறைச்சிக் கொழுக்கட்டைகள்தான். அதையும் பான்சிட் என்றே சாதிக்கிற ஊரை எப்படி ஐயா நம்புவது?

தோஹா வார்டு:
இந்த விவாதம் முழுவதையும் என் தோழிக்குச் சொன்னேன். வேலைக்காரி விஷயத்தில் பெருமூச்சு விட்டாள். சகாடா விஷயத்தில் தன் தாத்தா கதை ஒன்றைச் சொன்னாள். அதை எழுத எனக்கு அனுமதியில்லை. முகமூடி என்றதற்குச் சிரித்தாள். கோழி இனாசல் பற்றி யாரும் எழுதவில்லை என்றதும்தான் எழுந்து உட்கார்ந்தாள். கலமன்சி என்ற குட்டி எலுமிச்சை, வினிகர், எலுமிச்சைப்புல், பூண்டில் ஊறவைத்து, சிவப்பு நிறம் தரும் அச்சுவேத்தே விதை எண்ணெய் தடவிக் கரியில் சுடுகிற அந்தக் கோழி பகோலோட்டுக்குச் சொந்தம் என்பது அவள் வாதம். நாடு முழுவதும் அதைக் கொண்டுபோன மாங் இனாசல் என்ற உணவகத் தொடர் 2003இல் இலோய்லோவில் தொடங்கியது என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசியதை என்னால் எழுத முடியாது, வேகம் அப்படி. கடைசியாகச் சொன்னதை மட்டும் தருகிறேன்: கோழி எண்ணெயைச் சோற்றில் ஊற்றிப் பிசையாமல் இனாசல் சாப்பிடுகிறவர் இந்த விஷயத்தில் வாய் திறக்கக் கூடாதாம்.

வெள்ளைக் கோட்டு:
இலோய்லோவிலும் ஊற்றித்தான் சாப்பிடுகிறோம் என்று சொல்லுங்கள் அக்கா. தொட்டுக்கொள்ளும் சினமாக் என்ற மசாலா வினிகரில் இங்கே மிளகாய் கூடுதல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.