புதிய பேட்டைக்கு ஒரு பொது நூலகம்: ஆதரவை எங்கிருந்து தொடங்குவது?

புதுமனைவாசி:
சிங்கப்பூரில் நாங்கள் குடியேறியுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையில் பாலர் பள்ளி, மருந்தகம், காப்பிக்கடை எல்லாம் வந்துவிட்டன; நூலகம் மட்டும் இல்லை. அருகிலுள்ள நூலகத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டியிருப்பதால், முதியோரும் கைக்குழந்தை உள்ளவர்களும் போவதையே விட்டுவிட்டனர். கையெழுத்து திரட்டி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்கலாமா? தமிழ்க் குடும்பங்கள் மிகச் சிலவே உள்ள எங்கள் புளோக்கில், 'எல்லாந்தான் கைப்பேசியில் இருக்கிறதே' என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

நூலகத் தொண்டூழியர்:
கையெழுத்து வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது இரண்டாவது வேலையாக இருக்கட்டும். தெம்பனிஸ், பொங்கோல் வட்டார நூலகங்கள் பிற வசதிகளோடு ஒரே கட்டடத்தில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். உங்கள் பேட்டையில் சமூக மன்றமோ கடைத்தொகுதியோ வரவிருந்தால், வரைபடம் முடிவாவதற்கு முன்பே நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் நூலகத்துக்கு இடம் கேளுங்கள். கட்டி முடித்த பின் கேட்பது வீண். 'நூலகம் வேண்டும்' என்பதோடு நிற்காமல், அதில் யார் யார் தொண்டூழியம் செய்வோம் என்ற பெயர்ப் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். 2013இல் கடைத்தொகுதி ஒன்றில் திறக்கப்பட்ட சைனாடவுன் நூலகத்தின் அன்றாடப் பணிகளைத் தொண்டூழியர்களே கவனித்தார்கள் என்பது உங்கள் பேச்சுக்கு வலுச் சேர்க்கும்.

பழைய வாசகர்:
இதைத் தமிழர் கோரிக்கையாக மட்டும் கொண்டுபோக வேண்டாம். 1953இல் தொழிலதிபர் லீ கோங் சியான் 375,000 வெள்ளி நன்கொடை அளிக்க முன்வந்தபோது, நூலகம் இலவசமாக இருக்க வேண்டும், இங்குள்ள மக்களின் மொழிகளில் நூல்கள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். அதன் பயனாக எழுந்து 1960இல் திறக்கப்பட்டதுதான் ஸ்டாம்ஃபர்டு சாலையில் இருந்த பழைய தேசிய நூலகக் கட்டடம். எனவே சீன, மலாய் அண்டைவீட்டாரை முதல் கூட்டத்திலேயே அழையுங்கள். தமிழ் நூல் அடுக்கு தானாகவே அதற்குள் வந்துவிடும்.

கைப்பேசி வாதத்துக்கு ஒரு பதில் உண்டு. சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவாக்கி 2015இல் நிறைவேறிய தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் நம்மவரின் நூல்கள் திரையில் தோன்றுவதற்கே தொண்டூழியர்கள் பலர் மெய்ப்புப் பார்க்க வேண்டியிருந்தது. மேலும், தேர்வுக் காலத்தில் இருவர் ஓர் அறையைப் பகிரும் வீட்டுப் பிள்ளைக்குக் கைப்பேசி மேசையாகிவிடாது.

இரு பிள்ளைகளின் தாய்:
எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு பாயும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய இரவல் புத்தகங்களும் வைத்து வாசிக்கத் தொடங்கினோம். பிள்ளைகளுக்காக வந்த தாத்தாக்கள்தான் பின்னர் கையெழுத்துத் தாளைக் கேட்டு வாங்கி வீடு வீடாக எடுத்துச் சென்றார்கள். புத்தகத்தைப் பற்றிப் பேசாமல் கையெழுத்தை மட்டும் கேட்டிருந்தால் பாதிக் கதவுகள் திறந்திருக்க மாட்டா. ஒன்றை மறக்காதீர்கள்: கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்ற அனுமதி தேவை, வசிப்போர் குழு வழியாகக் கேட்டால் எளிதாக இருக்கும்.