கல்யாண ஸ்டுடியோவுக்குப் பழைய ஐமேக் ப்ரோ: இந்த விலைக்குத் தகுமா?

பாளை ஆல்பம்:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். போட்டோ, வீடியோ, ஆல்பம் டிசைன் எல்லாம் நானும் இரண்டு பையன்களும்தான். இப்போது இருப்பது எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், ஒரு சாதாரண 24 இன்ச் மானிட்டர். புதுக் கேமரா வாங்கியதிலிருந்து பெரிய தலைவலி. சோனியில் 10 பிட் 4:2:2வில் (நிறத்தை அதிக விவரத்தோடு பதியும் முறை) 4கே எடுத்து வந்து டைம்லைனில் போட்டால், தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளம் மட்டும் கேட்கிறது, படம் அப்படியே உறைந்து நிற்கிறது.

நாகர்கோவிலில் தெரிந்த ஒருவர் ஸ்டுடியோவை மூடுகிறார். அவரிடம் ஆப்பிளின் ஐமேக் ப்ரோ ஒன்று இருக்கிறது, திரையும் கம்ப்யூட்டரும் ஒன்றாகவே சேர்ந்தது. 8 கோர் ஸியான் ப்ராசஸர், 32 ஜிபி ரேம், 1 டிபி ஸ்டோரேஜ், வேகா 56 கிராபிக்ஸ் கார்டு. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கேட்கிறார், பேசினால் கொஞ்சம் குறைப்பார் என்று நினைக்கிறேன். போய்ப் பார்த்தேன். அந்த 27 இன்ச் 5கே திரையில் ஒரு பட்டுப்புடவை ஜரிகையைப் பெரிதாக்கிக் காட்டினார், என் கண் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் அதில் எதையும் மாற்ற முடியாது, கூட்ட முடியாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். தை முகூர்த்தத்துக்குள் ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும். இப்படி ஒரே துண்டாக வரும் மெஷினில் இவ்வளவு பணம் போடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பேட்டை சர்வீஸ்:

தம்பி, வேண்டாம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பார்ப்பது சர்வீஸ் வேலை. ஐமேக்கின் முன்பக்கக் கண்ணாடியைத் திருகு போட்டு மாட்டியிருக்கமாட்டார்கள், சுற்றிலும் பசைப்பட்டைதான். மெல்லிய சக்கரக் கருவியை விளிம்பில் விட்டு மெதுவாகச் சுற்றிவந்து பசையை அறுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாக இறங்கினால் உள்ளே போகும் ஒயர் போச்சு, கொஞ்சம் கோணினால் கண்ணாடி போச்சு, அந்தக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் பேனலும் போச்சு. மறுபடி மூட புதுப் பசைப்பட்டை வேண்டும். 27 இன்ச் சாதாரண ஐமேக்கிலாவது ரேம் போடப் பின்னால் ஒரு சின்னக் கதவு இருந்தது. ஐமேக் ப்ரோவில் அதையும் எடுத்துவிட்டார்கள். உள்ளே இருப்பது கழற்றக்கூடிய ரேம்தான், ஆனால் அதைத் தொடுவதற்குக் கிட்டத்தட்ட மெஷின் முழுவதையும் பிரித்து போர்டை வெளியே எடுக்க வேண்டும். 32 ஜிபியை 64 ஆக்குவதற்கு இந்தப் பாடு.

அடுத்து டேட்டா. இதை யாரும் வாங்கும்போது யோசிப்பதில்லை. டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சிப் வந்த முதல் மேக் இதுதான். உள்ளே இருக்கும் ஸ்டோரேஜ் முழுக்க அந்தச் சிப்பின் சாவியோடுதான் பூட்டியிருக்கும். போர்டு செத்தால் ஸ்டோரேஜைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் படிக்க வழியே கிடையாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தரைத்தளக் கடைகளிலிருந்து வந்த மெஷின்களை நினைத்துப் பார்க்கிறேன். சாதாரண கேபினெட் என்றால் போர்டு போயிருந்தாலும் டிஸ்க்கைத் தனியாக எடுத்துத் துடைத்துக் காயவைத்து, பாதிப் பேருக்காவது படங்களை மீட்டுக் கொடுத்தோம். ஊராருடைய கல்யாணத்தை உள்ளே வைத்திருக்கும் தொழில் உங்களுடையது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் நம்ம ஊர் இடி மின்னல் தெரியும்தானே. தனி மானிட்டர், தனி கேபினெட் என்றால் ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும். இதில் பவர் சப்ளையும் திரைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. பார்ட்ஸ் கதை வேறு. விற்பனையை 2021 மார்ச்சில் நிறுத்தினார்கள். நிறுத்தி ஐந்து வருடம் தாண்டினால் ஆப்பிள் கணக்கில் அது பழைய வகை, பார்ட்ஸ் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஏழு வருடம் தாண்டினால் கையை விரித்துவிடுவார்கள்.

கல்லிடை எடிட்டர்:

பேட்டை அண்ணாச்சி சொல்கிற டேட்டா விஷயம் முழு உண்மை. ஆனால் ஒரே துண்டு மெஷின் என்றாலே வீண் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

நான் ஐமேக் ப்ரோவைப் புதிதாக வாங்கி விளம்பரப் படம், குறும்படம் எல்லாம் அதிலேயே முடித்தவள். 2017 டிசம்பரில் அது வந்தபோது அமெரிக்க விலை 4,999 டாலர். கேட்டவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ஆனால் ஸியான் டபிள்யூ, பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ரேம், 10 கிகாபிட் நெட்வொர்க், அதோடு ஒரு 5கே திரை, இதையெல்லாம் அன்றைக்குத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்தாலும் பெரிய தொகை மிஞ்சியிருக்காது. 5கே திரை மட்டுமே எல்ஜியில் 1,299 டாலர் விற்ற காலம். வாங்கிய நாளிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்து குரல் பதிவு செய்யும் அளவுக்குச் சத்தமில்லாமல் ஓடியது. போட்ட பணத்தைப் பல மடங்கு எடுத்தாயிற்று, அதனால் விலை அதிகம் என்ற பேச்சே எனக்கு எடுபடாது.

அப்புறம் இந்த அப்கிரேடு. பெரிதாகப் பேசுகிறோம், உண்மையில் எத்தனை பேர் செய்கிறோம்? இன்டெலில் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் 2020ல் ஒன்று, 2021ல் இன்னொன்று, 2024ல் வேறொன்று. ப்ராசஸரை மாற்றப் போனால் போர்டை மாற்று, போர்டை மாற்றினால் டிடிஆர்4 போய் டிடிஆர்5 வாங்கு. கடைசியில் பழையதில் மிஞ்சுவது கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும்தான். ஏஎம்டியின் ஏஎம்4 மாதிரி 2016லிருந்து பல வருடம் ஒரே சாக்கெட்டில் தாக்குப்பிடித்தது அபூர்வம். நடைமுறையில் நாம் கூட்டுவது ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, இந்த மூன்றுதான். வேலை தெரிந்து முதலிலேயே போதுமான அளவு வாங்கினவருக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு, பாளை தம்பிக்கு நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் வேறு. உங்கள் தலைவலியே 10 பிட் 4:2:2 ஹெச்.265, அதாவது வீடியோவை இறுக்கிச் சுருக்கிப் பதியும் முறைதானே? அதை ஹார்டுவேரில் பிரித்துப் படிக்க ஐமேக் ப்ரோவில் எதுவுமே இல்லை. ஸியானில் உள்ளடங்கிய கிராபிக்ஸ் கிடையாது, வேகா கார்டு அந்த வகையைத் தொடாது. 8 கோரும் மூச்சு முட்ட ஓடும், படம் மறுபடி நிற்கும். ப்ராக்ஸி (எடிட்டுக்கான சின்ன நகல்) போட்டுத்தான் எடிட் பண்ண வேண்டும், அதை இப்போதுள்ள மெஷினிலேயே செய்யலாம். ஆப்பிளின் சொந்தச் சிப் எம்1லிருந்து இதை அலட்டிக்கொள்ளாமல் படிக்கும். இன்டெலில் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பிலிருந்து, அதுவும் உள்ளடங்கிய கிராபிக்ஸ் இருந்தால் மட்டும்.

இன்னொன்று, 2025ல் வந்த மேக்ஓஎஸ் டாஹோ ஐமேக் ப்ரோவில் ஏறாது. அதற்கு முந்தைய செக்கோயாவோடு நின்றுவிட்டது. எடிட்டிங் சாஃப்ட்வேர் புதுப் பதிப்பு ஒவ்வொன்றாகக் கைவிட ஆரம்பிக்கும். மெஷின் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும்போது இப்படி ஆவதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. ஏனென்றால் அந்தத் திரைக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்குப் புதிதாக விற்கும் திரைகளோடு வைத்துப் பார்த்தாலும் சளைக்காது. அதை வெறும் மானிட்டராகக் கேபிள் போட்டு இன்னொரு மெஷினுக்கு மாட்ட முடியாது. பழைய ஐமேக்குகளில் அந்த வசதி இருந்தது, 2014ல் 5கே வந்ததிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏர்பிளே வழியாகப் படம் அனுப்பலாம்தான், எடிட்டிங்குக்கு அந்தத் தாமதம் ஆகாது. இந்த மெஷினின் விலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. திரையின் ஆயுசைச் சிப்பின் ஆயுசோடு கட்டிவைத்தார்களே, என் கோபம் முழுக்க அதில்தான்.

பாளை ஆல்பம்:

அக்கா, 4:2:2 விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. விற்பவரும் சொல்லவில்லை, அவர் பழைய 8 பிட் கேமராவில் எடுத்தவர், அவருக்கு நன்றாகத்தான் ஓடியிருக்கும். சரி, வீடியோவை விடுங்கள். ஆல்பம் டிசைனுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால்? அந்தத் திரைக்காகவே வாங்கலாம் என்று மனசு இழுக்கிறது.

டவுன் பிரிண்ட்:

ஆல்பம் லேப் வேலை பார்க்கிறேன், அதனால் இதற்கு நான் பதில் சொல்லலாம். நம்ம பக்கம் ஓடுவது பெரும்பாலும் 12க்கு 36 இன்ச் விரிப்பு, அதாவது எதிரெதிர் இரண்டு பக்கம் சேர்ந்தது. 300 டிபிஐயில் அது 10,800க்கு 3,600 பிக்சல். எட்டு பிட்டில் ஒரு முழு லேயர் மட்டும் 117 எம்பி பக்கம் வரும். பொண்ணு மாப்பிள்ளை, பின்னணி, பூ, டெக்ஸ்சர், நிழல் என்று இருபது லேயர் அடுக்கி, கூடவே இன்னும் இரண்டு விரிப்பைத் திறந்துவைத்தால் 16 ஜிபி ஏன் திணறுகிறது என்று புரியும். ஆகவே டிசைனுக்கு உங்களை முதலில் காப்பாற்றப்போவது ரேம், திரை அடுத்ததுதான். உங்கள் பழைய பிசியில் 32 போட்டாலே வித்தியாசம் தெரியும்.

திரையைப் பற்றி. ஐமேக் ப்ரோ பி3 என்ற அகலமான நிறவெளி காட்டும், நாங்கள் கேட்பதோ அதைவிடச் சின்ன எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக். திரையில் மின்னும் அந்த அரக்குச் சிவப்பும் மயில்கழுத்துப் பச்சையும் தாளில் அதே மாதிரி வராது, வந்து சண்டை போடுகிறவர்கள் நிறையப் பேர். நல்ல 27 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர், எஸ்ஆர்ஜிபி முழுசாகக் காட்டுவது, அதை நிறம் சரியாகக் காட்டும்படி முறையாகக் காலிபிரேட் செய்து, வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் ஆல்பத்துக்குத் தாராளம். முக்கால்வாசிப் பேர் வெளிச்சத்தை முழுசாக ஏற்றிவைத்து டிசைன் பண்ணுகிறார்கள், பிரிண்ட் இருட்டாக வந்தது என்று எங்களைத் திட்டுகிறார்கள்.

அம்பை கணக்கு:

பணத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா தம்பி? இருந்தால் புதிதாக பில் போட்டு வாங்கும் கம்ப்யூட்டருக்குக் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். நாகர்கோவில்காரர் பில் இல்லாமல் கையில் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது கிடையாது, வருமான வரியில் தேய்மானம் காட்டவும் சிக்கல். கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். ஒரு லட்சம் என்றால் முதல் வருடக் கடைசியில் 60,000, அடுத்தது 36,000, மூன்றாம் வருடம் 21,600. வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் அந்த வருடம் பாதிதான், தைக்கு வாங்கினால் உங்களுக்கும் அப்படித்தான். சட்டமே மூன்று வருடத்தில் இதை இந்த அளவுக்கு இறக்கிவிடுகிறது என்றால், ஏற்கனவே வயசான ஒன்றுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பேட்டை சர்வீஸ்:

கல்லிடைத் தங்கச்சி சொன்னது மாதிரி, நல்லா இருக்கிற திரையை வீணாக்குவதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும். செத்த ஐமேக்கிலிருந்து பேனலைக் கழற்றி, தனி கன்ட்ரோலர் போர்டு போட்டு மானிட்டர் ஆக்குகிறார்கள். செய்யலாம், ஆனால் செத்ததை மலிவாக வாங்கினால்தான் அது கணக்கு.

தம்பிக்கு என் யோசனை இரண்டு. மேக்தான் வேண்டும் என்றால் 2024ல் வந்த எம்4 மேக் மினி, கூட ஒரு நல்ல மானிட்டர். ஆரம்ப மாடலிலேயே 16 ஜிபி, டவுன் பிரிண்ட்காரர் சொன்ன கணக்குப்படி 24 இருந்தால் நிம்மதி. அதிலும் ரேம் கூட்ட முடியாது, மறைக்கவில்லை, ஆனால் பெட்டி போனாலும் திரை உங்களுடையது. விண்டோஸ் போதும் என்றால் 12ஆம் தலைமுறை ஐ5, புது போர்டு, 32 ஜிபி. கேபினெட், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி பழையதே ஓடும், டிடிஆர்4 போர்டாக எடுத்தால் இப்போதுள்ள ரேமும் வீணாகாது. கடையில் ஐ5 12400எஃப் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விலை குறைவு என்பார்கள். எஃப் என்று முடிந்தால் உள்ளடங்கிய கிராபிக்ஸ் இருக்காது, உங்கள் 4:2:2 பிரச்சினை அப்படியே நிற்கும். எஃப் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். எடிட்டிங் சாஃப்ட்வேர் டாவின்சி ரிசால்வ் என்றால் காசு கட்டி வாங்கும் ஸ்டுடியோ பதிப்பு வேண்டும், இலவசப் பதிப்பு விண்டோஸில் இதைக் கையாளாது.

பாளை ஆல்பம்:

நாகர்கோவில்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. எஃப் இல்லாத 12400, 32 ஜிபி, அப்புறம் எஸ்ஆர்ஜிபி முழுசாகக் காட்டும் ஒரு 27 இன்ச். மானிட்டரை மட்டும் நல்லதாக எடுக்கிறேன், அது அடுத்த மெஷினுக்கும் ஆகும். அந்த ஐமேக்கை வேறு யாராவது வாங்குவதாக இருந்தால் கேட்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா? அவருக்கு ஆள் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கல்லிடை எடிட்டர்:

பாட்டு, மிக்ஸிங் செய்கிற யாராவது இருந்தால் சொல்லுங்கள், அந்த வேலைக்கு அது இன்னும் அருமையான மெஷின், சத்தமும் இல்லை. ஆனால் விலை பாதியாவது இறங்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் அவருடைய ஐகிளவுட் கணக்கிலிருந்து முழுசாக வெளியேறச் சொல்லுங்கள், ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு (மெஷினின் அடிப்படைப் பூட்டு) போட்டிருந்தால் கண்முன்னாலேயே எடுக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டில் ஒன்று மாட்டிக்கொண்டாலும் வாங்கியவர் பாடு திண்டாட்டம். திரையில் முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டுக் கீழ் மூலைகளில் கறை தெரிகிறதா என்று பாருங்கள்.