இணைக் கணிப்பு குரோமோசோம் ஆய்வை வேகப்படுத்துமா?

பல்கரு:
உடலில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அறிய, ரத்தத்தில் டைசென்ட்ரிக்குகளை, அதாவது இரண்டு சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுக்கமான இணைப்புப் பகுதி; வழக்கமாக ஒன்றுதான் இருக்கும்) கொண்ட குரோமோசோம்களை, எண்ணுகிறார்கள். முறைப்படி ஆளுக்கு 500 செல்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு செல்லும் தனிப் படம். ஒன்று மற்றதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இணைக் கணிப்பில், அதாவது ஒரே நேரத்தில் ஆயிரம் செயலிகளுக்குப் பங்கிட்டால், வேலை முடிந்தது. இன்னும் ஏன் நுண்ணோக்கியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

ஆய்வகப் பூனை:
முடிந்ததா? செல் பிளவுபடும்போதுதான் குரோமோசோம் தெளிவாகத் தெரியும்; ரத்தத்தை 48 மணி நேரம் வளர்க்காமல் படமே கிடையாது. உங்கள் செயலிக்குப் பயந்து லிம்போசைட் என்ற வெள்ளை அணு சீக்கிரம் பிளவுபடாது. 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் சொன்னதுதான்: பங்கிட முடியாத பகுதி எவ்வளவோ, அதற்குக் கீழே நேரம் இறங்காது. 50 மணி நேரத்தில் 48 வளர்ப்புக்கே போனால், மீதியைச் சுழியாக்கினாலும் லாபம் 4 சதவீதம்.

பல்கரு:
ஒரே ஆள் என்றால் கணக்கு சரி. 1987இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம்-137 பரவியது. சுமார் 1,12,000 பேரைப் பரிசோதித்ததில் 249 பேரிடம் மாசு. 249 குழாய்களும் இன்குபேட்டரில் அதே 48 மணி நேரத்தில் ஒன்றாக வளர்ந்துவிடும். பிறகு 1,24,500 செல்கள். எண்ணுவது யார், நீங்களா?

தயிர்சாதம்:
அவசரத்தில் ஆளுக்கு 50 செல்களோடு நிறுத்தி, யாருக்கு முதலில் சிகிச்சை என்று தரம் பிரிப்பார்கள். அப்போது 12,450தான். நான்கைந்து ஆய்வகங்கள் பகிர்ந்துகொண்டால் மனிதர்களே எண்ணிவிடலாம். அதுவும் இணைக் கணிப்புதானே!

ஆய்வகப் பூனை:
எனக்கு நேரம்கூடப் பெரிதில்லை. கதிர் படாதவரிடமே ஆயிரம் செல்லுக்கு ஒன்று என்ற அளவில் டைசென்ட்ரிக் இருக்கும். இரண்டு குரோமோசோம்கள் முனை தொட்டுக் கிடந்தாலும் மென்பொருள் அதை டைசென்ட்ரிக் என்று எண்ணக்கூடும். ஆயிரத்துக்கு ஐந்து பொய் நுழைந்தால், கொஞ்சம் கதிர் வாங்கியவரையும் வாங்காதவரையும் எப்படிப் பிரிப்பீர்கள்? ஆயிரம் செயலிகள் அதே தவற்றை ஆயிரம் மடங்கு வேகமாகச் செய்யும்.

பல்கரு:
மனிதக் கண் மட்டும் தவறாததா? 1956இல் ட்ஜியோ, லெவான் என்ற ஆய்வாளர்கள் 46 என்று காட்டும்வரை, மனிதருக்கு 48 குரோமோசோம்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதி வந்தது அந்தக் கண்தானே!

ஆய்வகப் பூனை:
அதைத் திருத்த உதவியது, செல்லை உப்புக் குறைந்த கரைசலில் ஊறவைத்துக் குரோமோசோம்களை விரித்துப் போடக் கற்றது. சிலைடு மோசமாக இருந்தால் கண்ணும் தோற்கும், செயலியும் தோற்கும்.

பல்கரு:
சரி, இப்படிச் செய்யலாம். செயலிகள் எல்லாப் படங்களையும் சலிக்கட்டும். சந்தேகப்பட்டதை மட்டும் நீங்கள் பாருங்கள்.

ஆய்வகப் பூனை:
அனுப்புங்கள், பார்க்கிறேன். சந்தேகமே படாமல் விட்டதை யார் பார்ப்பது?