குரல் கேட்டாலே மனச்சிதைவா? முதலாண்டு உளவியல் சந்தேகம்

மலர்விழி:
தொலைதூரக் கல்வியில் உளவியல் முதலாண்டு படிக்கிறேன். பயிற்சித் தாளில் ஒரு கேள்வி: 24 வயது இளைஞர், பத்து நாளாக உறக்கம் இல்லை, களைப்பும் இல்லை. நகையை அடகு வைத்து நண்பர்களுக்கு பைக் வாங்கித் தருகிறார். முருகன் நேரில் பேசி, நாட்டைத் திருத்தும் பொறுப்பைத் தந்திருப்பதாகச் சொல்கிறார். நான் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்கிறேன். தோழி இருதுருவக் கோளாறு (மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறும் பைபோலார்) என்று அடித்துச் சொல்கிறாள். எது சரி?

தேர்வுக்காரன்:
தோழிக்குத்தான் மதிப்பெண். டிஎஸ்எம்-5 (மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு) கணக்கில் மேனியாவுக்கு, அதாவது இருதுருவக் கோளாறின் உச்ச நிலைக்கு, ஒரு வாரம் போதும். மனச்சிதைவு என்று சொல்ல ஆறு மாதமாவது பாதிப்பு தொடர வேண்டும். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
விடை சரி. ஆனால் நாள்களை எண்ணி மட்டும் தப்பிக்க முடியாது. மனநலப் பிரிவில் இரவுப் பணி பார்த்தே தலை நரைத்தவள் நான். குரல் மேனியாவிலும் கேட்கும், கடும் மனச்சோர்விலும் கேட்கும். ஆகவே, அது எப்போது கேட்கிறது என்று பாருங்கள். தாளில் இரண்டு கோடு போடுங்கள்: மேலே மனநிலை ஏறி இறங்கிய காலம், கீழே குரலும் பொய்நம்பிக்கையும் இருந்த காலம். கீழ்க்கோடு மேல்கோட்டுக்குள் அடங்கினால் மனநிலைக் கோளாறு.

உறக்கத்தையும் கவனியுங்கள். மேனியாவில் இருப்பவர் இரவு மூன்று மணிக்கு என் மேசைக்கு வந்து, மருந்து அலமாரியை அடுக்கித் தருகிறேன் என்பார். சற்றே கண்ணயர்ந்துவிட்டு, விடிந்ததும் வார்டு முழுவதும் வணக்கம் சொல்லிப் போவார். மனச்சிதைவு நோயாளியும் விழித்திருப்பார். சுவரோடு முதுகை ஒட்டி, கதவையே பார்த்தபடி. காலையில் வாடிப்போயிருப்பார். (எல்லாரும் இப்படியல்ல, எல்லாரையும் சந்தேகப்படும் மேனியாக்காரர்களும் உண்டு.)

மாணவர்கள் வழுக்கி விழும் இடம் வேறு. மனச்சிதைவில் சிலருக்குப் பேச்சு ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும். குளிக்க மாட்டார், சட்டை மாற்ற மாட்டார். வீட்டில் சோம்பேறி என்று திட்டுவார்கள், மாணவர்கள் மனச்சோர்வு என்று எழுதுவார்கள். மனச்சோர்வில் பெரும்பாலும் துயரமும் குற்றவுணர்வும் வெளியே தெரியும். இங்கே முகத்தில் எதுவுமே ஓடாது.

பழைய மாணவன்:
மலர்விழி, இந்தக் குழப்பம் மருத்துவர்களுக்கே இருந்தது. நியூயார்க், லண்டன் மருத்துவமனைகளை ஒப்பிட்ட ஆய்வு 1972இல் வெளியானது. நியூயார்க்கில் மனச்சிதைவு என்ற முத்திரை மிக அதிகமாக விழுந்திருந்தது. இரு ஊர் நோயாளிகளையும் ஒரே அளவுகோலில் பார்த்தபோது அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. மேனியாவுக்கு லித்தியம் என்ற மருந்து உதவுகிறது என்று ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் 1949இலேயே எழுதியிருந்தார். முத்திரை மாறினால் மருந்தும் மாறிப்போகும்.

மலர்விழி:
சிஸ்டர், உறக்கம் திரும்பி, செலவும் அடங்கிய பிறகு முருகன் குரல் மட்டும் தொடர்ந்தால்?

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
இரண்டு வாரமாவது அப்படித் தொடர்ந்தால் மனச்சிதைவும் மனநிலைக் கோளாறும் கலந்த கோளாறா என்று யோசிக்க வேண்டும். அதற்கு முன், அவர் கஞ்சா புகைத்தாரா என்று கேள்வியை மறுபடி படித்துப் பாருங்கள். அந்த ஒரு வரியை நடுவில் ஒளித்து வைப்பது கேள்வி தயாரிப்பவர்களின் வழக்கம்.