டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்கும் வாடிக்கையாளர் சொல்வதும் சரிதானா?

மருந்தாளுநர்_குடந்தை:
டி.பார்ம் முடித்துவிட்டு ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். நேற்று சாயங்காலக் கூட்டத்தில் ஒருவர், "தொண்டை வலி, செஃபிக்ஸிம் 200 நாலு குடு தம்பி" என்றார். அது ஆன்டிபயாடிக் என்பதால் சீட்டு கேட்டேன். "காசு குடுக்கறவன் நான், கேள்வி கேக்கறவன் நீயா?" என்று சத்தம் போட்டார். முதலாளியே வந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "கஸ்டமர் சொல்றதுதான் சரி, யாவாரத்தைக் கெடுக்காதே" என்று என்னைக் கடிந்துகொண்டார். ஹெச்1 அட்டவணையில் உள்ள, சீட்டு பார்த்தே விற்க வேண்டிய மருந்துகளின் விற்பனையைப் பதியும் ஹெச்1 ரிஜிஸ்டரில் டாக்டர் பெயர் என்ற கட்டத்தில் ஏதாவது எழுதிக்கொள்ளச் சொல்கிறார். என்ன செய்வது?

கடைக்காரன்:
உங்கள் முதலாளி நிலைமை எனக்குப் புரிகிறது. வாடகை ஒரு பக்கம், ஆன்லைன் தள்ளுபடி ஒரு பக்கம். நாம் இல்லையென்றால் அவர் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்க, கேரளாவில் 2024இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று கடைகளில் சோதனை போட்டார்கள். அப்படி எல்லாக் கடைக்கும் ஒரே பிடி இருந்தால் நானும் கொடுக்க மாட்டேன்.

ராஜி_திருச்சி:
தம்பி, பொய்ப் பெயர் மட்டும் எழுதாதே. 2014 மார்ச்சில் ஹெச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்ததிலிருந்து அந்த ரிஜிஸ்டரை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். டிரக் இன்ஸ்பெக்டர் புரட்டிப் பார்த்தால் நீயும் உன் முதலாளியும்தான் பதில் சொல்ல வேண்டும். சத்தம் போட்டவர் வரமாட்டார்.

பில் கேட்டாலும், எம்ஆர்பிக்கு மேல் கேட்டோம் என்று சண்டை போட்டாலும் நியாயம் வாடிக்கையாளர் பக்கம்தான். முழு அட்டை வேண்டாம், நாலு போதும் என்றால் வெட்டித்தான் கொடுக்க வேண்டும். தேதி அச்சிட்ட முனை நம்மிடம் நின்றுவிடும், அதனால் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் பில்லில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் எந்த ஆன்டிபயாடிக் என்று முடிவு செய்வது டாக்டர் வேலை. தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, செஃபிக்ஸிம் அதை ஒன்றும் செய்யாது. பென்சிலின் கடுமையாக ஒவ்வாத சிலருக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம், அந்த ஆபத்து வேறு.

நான் அட்டையைத் திருப்பி, சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் எச்சரிக்கையைக் காட்டுவேன். "அண்ணே, இது கவர்மென்ட் போட்டது" என்றால் பல பேர் இறங்கி வந்துவிடுவார்கள். அப்புறம் எத்தனை நாளாக வலி, காய்ச்சல் உண்டா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று கேட்பேன். பாராசிட்டமால் கொடுத்து, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி, நகர்ப்புற சுகாதார நிலையத்தில் சாயங்காலமும் ஓபி உண்டு என்று வழி சொல்லி அனுப்புவேன். வெறுங்கையோடு அனுப்பினால்தான் கோபம் வருகிறது.

கொத்தனார்:
அக்கா சொல்வது சரி. எங்களுக்கு டாக்டரிடம் போனால் ஃபீஸோடு அரை நாள் கூலியும் போகும். முகத்தைக்கூடப் பார்க்காமல் "சீட்டு இல்லையா, கிடையாது" என்று சொன்ன கடைக்கு நான் திரும்பப் போகவில்லை. ஓபி நேரத்தைச் சொல்லியிருந்தால் அங்கேயே போயிருப்பேன்.

மருந்தாளுநர்_குடந்தை:
நன்றி அக்கா. பொய்ப் பெயர் எழுத மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஹெச்1 மருந்துக்குச் சீட்டு கட்டாயம் என்று கவுண்டரில் ஒட்டச் சம்மதித்தார். ஓபி நேரத்தையும் அதிலேயே எழுதப்போகிறேன். அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்குத்தான் இன்னும் மசியவில்லை. அது ஹெச் அட்டவணை, ரிஜிஸ்டர் இல்லையே என்கிறார். அதற்கும் சீட்டு வேண்டும் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?