ஜிபிஎஸ் ரிசீவர் அனுப்பும் தரவு வரி தாமதமாக வருகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கானாடுகாத்தானில் பழைய வீடுகளின் முகப்புகளை ஸ்கூட்டரில் கேமரா கட்டி இருப்பிடத்தோடு பதிவு செய்கிறோம். பொங்கலுக்குப் பிறகு தொடங்கியதிலிருந்து ஒரே சிக்கல்: இருப்பிடம் நிற்க வேண்டிய வாசலைத் தவறவிடுகிறது. தெருவில் போகும்போது ஒரு பக்கம் விலகினால், திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் விலகுகிறது. அதனால் இது வழக்கமான ஜிபிஎஸ் பிழை மட்டும் இல்லை, நேரப் பிழை.

ஜிபிஎஸ் ரிசீவர் நியோ-6எம், ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் சீரியல் வழி, 9600 பாட் (நொடிக்கு இத்தனை பிட் என்ற வேகம்), தரவு நொடிக்கு ஒரு முறை. ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் ரிசீவர் துல்லியமாகத் தரும் பிபிஎஸ் துடிப்போடு ஒப்பிட்டால், நேரமும் இடமும் சொல்லும் ஆர்எம்சி வரி கால் நொடி முதல் முக்கால் நொடி வரை பிந்துகிறது. ஒரே அளவாகப் பிந்தினால் கழித்துவிடலாம், இது ஆடுகிறது. ஊருணிக்கரை போல வானம் திறந்த இடத்தில் கூடுகிறது, குறுகலான தெருவில் குறைகிறது. 20 கிமீ வேகத்தில் அரை நொடி என்றாலே கிட்டத்தட்ட 3 மீட்டர்.

தெரியும் செயற்கைக்கோள்களைப் பட்டியலிடும் ஜிஎஸ்வி வரிகளை நிறுத்தினேன், பாட் வேகத்தை 115200 ஆக்கினேன். கொஞ்சம் குறைந்தது, ஆட்டம் போகவில்லை. அப்புறம் வெளி ஆன்டெனா, வேறு பவர் சப்ளை; பலன் இல்லை.

படம் எடுத்த நேரத்தைப் பிபிஎஸ் துடிப்பிலிருந்தே எண்ணி, அடுத்து வரும் ஆர்எம்சி வரியை அந்தத் துடிப்புக்கு உரிய நேரமாகவும் இடமாகவும் எடுத்துக்கொண்டால் சரியாக வருமா?